பனிக்கட்டிக்குள் ஒரு மகள்

நம் பாட்டிமார் சொல்லிவந்த பழைய செபங்களில் 'பசாசு' என்னும் சொல் அடிக்கடி வரும். சம்மனசும் பசாசும் எதிரெதிர் நின்ற உலகம் அவர்களுடையது. ஞானஸ்நானத் தொட்டியருகே பெற்றோரும் ஞானத்தாய் தந்தையரும் அந்தப் பசாசைத்தான் விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்தனர். ஆகவே கத்தோலிக்கச் செவிக்கு அச்சொல் வீழ்ந்துபோன வானதூதனைக் குறிக்கும். இறந்துபோன மனிதரைக் குறிக்காது. இறந்தவர் நமக்கு 'ஆத்துமம்'. இன்னும் தூய்மை பெறவேண்டியவராயின் 'உத்தரிக்கிற ஆத்துமம்'. தெருப் பேச்சிலோ இந்த வேறுபாடெல்லாம் இல்லை. பேய், பிசாசு, ஆவி, காத்து, கருப்பு எல்லாம் ஒரே மூட்டையில் கட்டப்பட்டவை.

2014ஆம் ஆண்டு டிசம்பர் 19ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கையில், இயக்குநர் மிஷ்கினின் 'பிசாசு' வெளிவந்தது. இயக்குநர் பாலா தயாரித்த படம். வீடுகளில் நட்சத்திரம் கட்டி, குடில் அமைத்துக்கொண்டிருந்த நம்மவர் அந்தப் பெயரைக் கண்டு ஒதுங்கியதில் வியப்பில்லை. அவர்கள் ஒதுங்கிய படம், மன்னிப்பைக் குறித்துத் தமிழில் வந்த ஆழமான படங்களுள் ஒன்று என்பது என் துணிபு. விமர்சகர் பலர் அதை அப்போதே பாராட்டினர். ஆயினும் பேய்ப்படம் என்று பேச்செடுத்தால் மக்கள் நாவில் முதலில் வரும் பெயர் அதுவன்று. 2007இல் 'முனி', 2011இல் 'காஞ்சனா', 2014லேயே 'யாமிருக்க பயமே', 'அரண்மனை' என்று பேயைக் கண்டு நகைச்சுவை நடிகர்கள் ஓடும் படங்கள் அடுத்தடுத்து வந்த காலம் அது. அந்த ஆரவாரத்தில் இந்த மெல்லிய குரல் அமுங்கிவிட்டது. 2018இல் இதையே 'நானு கி ஜானு' என்று இந்தியில் மறுபடி எடுத்தபோது நகைச்சுவைப் படமாக்கிவிட்டார்கள். எதைக் கைவிட்டார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே மூலப்படத்தின் எடை விளங்கும்.

திகில் படத்தைப் பற்றிக் குருவானவர் எழுதலாமா என்று கேட்போர் உண்டு. 1995இல் திரைப்படக் கலையின் நூற்றாண்டை ஒட்டி வத்திக்கான் குறிப்பிடத்தக்க படங்களென 45 படங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 1922ஆம் ஆண்டின் ஜெர்மானிய மௌனப் படமான 'நோஸ்பெராட்டு' இருக்கிறது. இரத்தம் உறிஞ்சும் பிரபுவின் கதை. திகில் படங்களின் மூதாதை. உரோமாபுரிக்கே கூச்சமில்லாதபோது காத்திவாக்கத்துக்கு என்ன?

இனிக் கதை. முடிவைச் சொல்லாமல் இப்படத்தைப் பற்றிப் பேச இயலாது. முன்கூட்டி அறிய விரும்பாதோர் இதழை இங்கேயே மடித்து வைத்துவிட்டுப் படத்தைப் பார்த்து வரலாம்.

சித்தார்த் ஒரு வயலின் கலைஞன். சாலையில் வாகனம் மோதிக் குருதி வெள்ளத்தில் கிடக்கும் பவானி என்னும் இளம்பெண்ணை ஓர் ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறான். அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு இறந்துபோகிறாள். அவளுடைய செருப்பொன்று அவனிடம் தங்கிவிடுகிறது. மோதியவர் யாரென்று தெரியவில்லை. அதன்பின் அவன் வசிக்கும் அடுக்குமாடி வீட்டில் யாரோ இருப்பதுபோல் உணரத் தொடங்குகிறான். அவன் குடிப்பது அந்த 'யாரோ'வுக்குப் பிடிக்கவில்லை. அஞ்சுகிறான், ஓட்ட முயல்கிறான். ஊரிலிருந்து வந்த தாய் குளியலறையில் வழுக்கி விழுகிறார். பேய்தான் தள்ளிவிட்டது என்று கொதிக்கிறான். பிறகு தெரியவருகிறது: தாயைக் காக்க அக்கம்பக்கத்தாரைத் தேடிச் சென்றதே அந்தப் பேய்தான். அங்கிருந்து கதை திரும்புகிறது. அவன் அவளுடைய தந்தையைத் தேடிச் செல்கிறான். இருவருமாகக் கொலைகாரனைத் தேடுகிறார்கள்.

இதில் நம்மைக் கட்டிப்போடுவது கதையைவிட அதன் சூழல். பேய்ப்படம் என்றாலே காதைப் பிளக்கும் ஒலி, திடீரென்று திரையை நிறைக்கும் கோர முகம் என்று பழகிவிட்டோம். மிஷ்கினிடம் இரண்டும் மிகக் குறைவு. அவர் ஒரு படிக்கட்டைக் காட்டுவார். அதில் ஒருவரும் இரார். காட்சி முடிந்துவிட்டது என்று நாம் எண்ணியபின்னும் காமிரா அங்கேயே நிற்கும். தரையோடு தரையாகக் கிடந்து மனிதரின் கால்களைப் பார்க்கும். கால்கள் வரும், நிற்கும், தயங்கும், திரும்பும். முகம் சொல்லாததைக் கால் சொல்லும். பவானி கூந்தல் முகத்தை மறைக்க எப்போதாவதுதான் தென்படுகிறாள். பேசுவதே இல்லை எனலாம். அரோல் கொரேலியின் இசை பெரும்பாலும் நரம்பிசை. அது அச்சுறுத்துவதைக் காட்டிலும் புலம்புகிறது. இழவு வீட்டில் அழுது ஓய்ந்தபின் எஞ்சும் விம்மல் போன்றது. ரவி ராயின் ஒளிப்பதிவில் அந்த வீடு முழு இருட்டாகவும் இல்லை, வெளிச்சமாகவும் இல்லை. விளக்கேற்ற மறந்த மாலை நேரம் அது. சாவு நடந்த வீடுகளுக்குச் சென்று பழகியவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும்.

அதனால்தான் முதல் அரைமணி நேரத்துக்குப் பிறகு நமக்கு அச்சம் போய்விடுகிறது. வேறொன்று வந்து உட்காருகிறது. அதற்குத் துக்கம் என்று பெயரிடலாம். அவன் வீட்டில் ஒரு மரணம் நுழைந்துவிட்டது. கையைப் பற்றிய ஒரு கை அவனை விடவில்லை.

தமிழரின் பேய்க் கதைகளுள் தலையாயது பழையனூர் நீலியின் கதை. கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி வந்து, மனைவிபோல் வேடமிட்டு, ஊரார் முன் வழக்காடி, அவனைப் பழிதீர்க்கிறாள். அவனுக்குப் பிணை நின்ற எழுபது வேளாளரும் வாக்குத் தவறாமல் தீப்பாய்ந்து மாண்டனர் என்பது கதை. நம் திரைப்படப் பேய்களில் பெரும்பாலானவை நீலியின் பேத்திகள்தாம். அநியாயமாகச் சாகடிக்கப்பட்ட பெண் திரும்பி வருவாள், கொன்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்ப்பாள், நாம் கைதட்டுவோம். நீதிமன்றத்தில் கிடைக்காதது திரையரங்கில் கிடைத்துவிட்ட நிறைவோடு வீடு திரும்புவோம்.

ஆனால் பழையனூரை அடுத்த திருவாலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. காரைக்கால் அம்மையார். அழகைத் துறந்து பேய் வடிவை வேண்டிப் பெற்றவர். தம்மைக் 'காரைக்கால் பேய்' என்றே பாடிக்கொண்டவர். ஆடும் இறைவனின் திருவடிக்கீழ் இருப்பதொன்றே போதும் என்றவர். சைவ சகோதரர்களின் மரபு இது. நான் சொந்தம் கொண்டாடவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. நம் மாநகரிலிருந்து இரயிலேறினால் சில மணி நேரத்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவில், பழிவாங்கும் பேயும் அன்பினால் உருகும் பேயும் அடுத்தடுத்து வாழ்கின்றன. தமிழ்த் திரை முதலாமவளையே திரும்பத் திரும்ப அழைத்தது. மிஷ்கின் இரண்டாமவளின் பக்கம் சற்றே திரும்பியிருக்கிறார்.

நமது மரபிலும் இதற்கு இடமுண்டு. ஆவிகளை அழைத்துக் குறி கேட்பதைத் திருச்சபை திட்டவட்டமாகத் தடுக்கிறது. ஏந்தோரில் குறிசொல்பவளிடம் சென்று சாமுவேலை எழுப்பச் சொன்ன சவுல் அடைந்த கதியை நாம் அறிவோம். ஆனால் நாம் அழைக்காமலே, இறைவன் அனுமதித்தால், இறந்தவர் உயிருள்ளோருக்குத் தோன்றக்கூடும் என்பதைப் புனித தோமா அக்குவினா மறுக்கவில்லை. பெரிய கிரகோரியார் தம் 'உரையாடல்கள்' நான்காம் நூலில் கூறும் நிகழ்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. கப்புவா நகர ஆயர் ஜெர்மானு உடல்நலம் வேண்டி வெந்நீர்க் குளியலிடம் ஒன்றுக்குச் செல்கிறார். அங்கே அவருக்குப் பணிவிடை செய்ய நிற்பவர், முன்னரே இறந்துபோன பஸ்காசியு என்னும் திருத்தொண்டர். தமக்காக மன்றாடும்படி வேண்டுகிறார். ஆயர் செபித்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து பார்க்கையில் அவர் அங்கே இல்லை. ஆவி எவரையும் அச்சுறுத்தவில்லை. பணிவிடை செய்தது, செபம் கேட்டது, விடைபெற்றது. பவானி செபம் கேட்கவில்லை. ஆனால் பணிவிடை செய்கிறாள். அந்த வீட்டுக்குள் அவள் செய்வதையெல்லாம் ஒன்று சேர்த்துப் பாருங்கள்: குடியைத் தடுத்தல், விழுந்தவரைக் காத்தல், உடனிருத்தல். நம் பாட்டிமார் இதற்குச் சம்மனசு என்றே பெயர் வைத்திருப்பர்.

இனி அந்தத் தந்தையிடம் வருகிறேன். இராதாரவி நடித்திருக்கிறார். வில்லன் வேடங்களில் நாம் எத்தனையோ முறை கண்ட முகம், இங்கே உடைந்துபோன ஒரு முதியவரின் முகமாக மாறிவிடுகிறது. மகளின் ஆவி சித்தார்த்தின் வீட்டில் இருப்பதை அறிந்து அங்கு வந்து, அவளைப் பார்த்து, வீட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சும் காட்சியை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். பள்ளிக்கூட வாசலில் அடம்பிடிக்கும் குழந்தையை அழைப்பதுபோல் அழைக்கிறார். அவள் வரவில்லை, வர இயலாது. கூரையை ஒட்டி ஒடுங்கி நிற்கும் அந்த உருவம் ஒரு காலத்தில் தாம் தூக்கிச் சுமந்த குழந்தை என்பது ஒன்றே அவருக்குத் தெரிகிறது. பேய்ப்படம் ஒன்றில் பேயைக் கண்டு அஞ்சாத முதல் மனிதர் அவர்.

அவர் ஒரு பனிக்கட்டித் தொழிற்கூடத்தின் உரிமையாளர். மகளின் உடலைப் புதைக்கவுமில்லை, எரிக்கவுமில்லை. பனிக்கட்டிக்குள் வைத்திருக்கிறார்.

இந்தக் காட்சியை மற்ற ஊரார் எப்படிப் பார்ப்பரோ அறியேன். வடசென்னைக் கடற்கரையில் வாழும் நமக்கு அது வேறு விதமாகத் தைக்கும். காசிமேட்டின் ஐஸ் பேக்டரிகள் நமக்கு அன்றாடம். தகர அச்சுகளில் நீரை நிரப்பி, குளிரூட்டிய உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்கி, ஏறக்குறைய ஒரு நாள் காத்திருந்தால் ஐஸ் பார் கிடைக்கும். அதை உடைத்துப் படகில் ஏற்றுவார்கள். பிடித்த மீனின்மேல் கொட்டுவார்கள். ஐஸ் என்ன செய்யும், என்ன செய்யாது என்பது ஏலத்தில் நிற்கும் எந்தத் தாய்க்கும் தெரியும். அது மீனைக் கெடாமல் வைக்கும், அதுவும் சில நாளுக்கு. செத்த மீனை உயிர்ப்பிக்காது. அந்தத் தந்தையின் அன்பு ஐஸைப் போன்றது. அழுகலை நிறுத்தி வைத்திருக்கிறது, அவ்வளவே.

லாசரின் கல்லறைமுன் மார்த்தா சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளாகிவிட்டது, நாறுமே என்றாள். அழுகலை ஒப்புக்கொண்ட பிறகே அங்கே அற்புதம் நிகழ்ந்தது. வெளியே வந்தவனின் கட்டுகளை அவிழ்த்துப் போகவிடும்படி ஆண்டவர் கட்டளையிட்டார். போகவிடுதல்தான் பவானியின் தந்தைக்குக் கைவராதது. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல்களுள் ஒன்று என்று மறைக்கல்வி வகுப்பில் எண்ணிச் சொல்லப் பழகியிருக்கிறோம். அது யாருக்குச் செய்யும் இரக்கம் என்று கேட்டதுண்டா? மரித்தவருக்கு மட்டுமா? காசிமேட்டிலேயே வடசென்னைக் கிறிஸ்தவர்களின் பெரிய கல்லறைத் தோட்டமும் இருக்கிறது. நவம்பர் 2ஆம் நாள் அங்கே மெழுகுதிரியும் சாமந்தியுமாய்க் கூடும் கூட்டத்தைக் கண்டவர்களுக்கு, மண்ணுக்குக் கொடுத்துவிட்ட பிறகும் உறவு தொடரும் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை. ஐஸ் பேக்டரிக்கும் அந்தத் தோட்டத்துக்கும் இடையிலுள்ள சிறு தொலைவைக் கடக்க அந்தத் தந்தைக்கு ஒரு முழுப் படம் தேவைப்படுகிறது.

இப்போது கதையின் முடிச்சு. கொலைகாரனைத் தேடும்போது சிவப்பு, பச்சை என்னும் நிறக் குழப்பம் ஒன்று குறுக்கிடுகிறது. அந்தக் குழப்பம் தெளியும்போது உண்மை வெளிப்படுகிறது. பவானியின்மேல் மோதிய கார் சித்தார்த்தினுடையதே. தான் மோதியதை அவனே அறியவில்லை. அவளை அள்ளி எடுத்து மருத்துவமனைக்கு ஓடியவன், அவளைச் சாலையில் வீழ்த்தியவன். அவளோ இதை அறிந்திருக்கிறாள். அவன் அறிந்துவிடாதிருக்கவே பாடுபட்டிருக்கிறாள்.

நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! அதில் கள்வர் ஒருபுறம், குருவும் லேவியரும் நடுவே, சமாரியர் மறுபுறம். மறையுரை நிகழ்த்துவோர் நம்மைக் குருவின் இடத்தில் நிறுத்திக் கடிந்துகொள்வர். சமாரியரின் இடத்துக்கு நகரும்படி அழைப்பர். கள்வரின் இடத்தில் எவரையும் நிறுத்திப் பார்த்ததாக நினைவில்லை. இப்படம் அதைத்தான் செய்கிறது. சமாரியரும் கள்வரும் ஒரே ஆள். காயத்துக்கு எண்ணெய் வார்த்த கையே காயப்படுத்திய கை. தாவீதுக்கு நாத்தான் சொன்ன கதையிலும் இதே பொறிதான் வேலை செய்கிறது. ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்தவன்மேல் அரசன் கொதித்தெழுகிறான், தீர்ப்பும் வழங்கிவிடுகிறான், அதன்பிறகே இறைவாக்கினர் அவனை நோக்கி விரலை நீட்டுகிறார். ஆனால் தாவீது செய்தது அறிந்து செய்த பாவம். சித்தார்த்தினது அறியாமல் செய்த தீங்கு. அறியாப் பிழைகளிலிருந்து தன்னைத் தூய்மையாக்கும்படி திருப்பாடல் ஆசிரியர் மன்றாடுவது நமக்குத் தெரியும். அந்த வரியைக் கடந்து செல்லும்போது நம்மில் எத்தனை பேர் நிற்கிறோம்?

மிஷ்கினுக்கு இது புதிய கேள்வியன்று. இதற்கு முந்தைய ஆண்டு, 2013இல் வந்த அவருடைய 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்' படத்திலும் தவறுதலாக ஓர் அப்பாவியைக் கொன்றுவிட்டவன் வருகிறான். கண்பார்வையற்ற அந்தக் குடும்பத்துக்கே பிறகு காவலனாகிறான். அந்தக் கதையை அவன் சொல்வதும் ஒரு கல்லறைத் தோட்டத்தில்தான். முதற்படம் கொன்றவனின் பக்கத்திலிருந்து பரிகாரத்தைக் கேட்டது. இரண்டாவது, கொல்லப்பட்டவளின் பக்கத்திலிருந்து மன்னிப்பைக் கேட்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் ஒரே தியானத்தின் இரு பாகங்களைப் பார்த்ததாக உணர்வர். சிலுவையில் தொங்கியபடி, செய்வது இன்னதென்று அறியாதவர்களுக்காக மன்றாடிய ஆண்டவரின் குரல் எனக்கு இங்கே கேட்கிறது. இயக்குநர் அதை எண்ணித்தான் எடுத்தாரா என்பது வேறு. கேட்பது எனக்குக் கேட்கிறது.

குறைகளும் உண்டு. பேயோட்ட வருவோரை வைத்து நடக்கும் வேடிக்கை, அந்நாளைய நகைச்சுவைப் பேய்ப்படங்களின் சாயல் படிந்தது. அந்த இடத்தில் படம் தன் மூச்சைத் தவறவிடுகிறது. சண்டைக் காட்சி இக்கதைக்கு ஒட்டாத கைகால். சோகத்தை நரம்பிசை சொல்லிமுடித்த பிறகும் சில இடங்களில் இன்னொருமுறை சொல்கிறது. துப்பறியும் பகுதி அவசர அவசரமாக ஓடுகிறது. தமிழ்ப் படம் ஒன்று தன்னை நம்பாமல் சந்தைக்கு அஞ்சும் தருணங்கள் இவை. போகட்டும்.

ஆனால் முடிவைப் போகட்டும் என்று விட என்னால் இயலவில்லை. உண்மை வெளிப்பட்டபின், பவானி அந்தக் காரோடு தீயில் மறைகிறாள். பனியிலிருந்தவள் நெருப்பில் விடைபெறுகிறாள். காட்சியாகப் பார்த்தால் பேரழகு. உத்தரிக்கிற நெருப்பை நினையாமலிருக்க நம்மால் ஆகாது. ஆனால் எரிவது அவள் மட்டுமன்று. அவனுக்கு எதிரான சான்றும் எரிகிறது. அவனைக் காப்பதற்காகவே அவள் அதை எரிக்கிறாள்.

காத்திவாக்கத்தில் இருந்துகொண்டு இதை எளிதாக ஏற்க முடியாது. சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் நடுவில் குடியிருப்பவர்கள் நாம். கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்பதும், வரிசை கலைந்ததும் விரைவதும் நம் அன்றாடம். சாலையில் மகனையோ மகளையோ இழந்த வீடுகள் இப்பக்கத்துப் பங்குகள் எல்லாவற்றிலும் உண்டு. மோதியவர் நிற்காமல் போய்விட்ட வீடுகளும் உண்டு. அந்தத் தாய்மார் கேட்பது பெரும்பாலும் பழியன்று. யார் என்று தெரிந்தால் போதும் என்கிறார்கள். என் பிள்ளை நாய்க்குட்டியா, பார்த்துவிட்டும் போய்விட்டானே என்கிறார்கள். அதே பங்குகளில் லாரி ஓட்டிப் பிழைப்போரும் இருக்கிறார்கள். இரவு முழுதும் உறங்காமல் வாசலில் காத்துக் கிடந்து விடியலில் வண்டியை எடுப்பவர்கள். அவர்களுள் எவரேனும் எதையேனும் சுமந்துகொண்டிருக்கலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை எந்தக் குருவும் எழுதமாட்டார். ஆகவே இதற்குமேல் இவ்விஷயத்தில் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

ஒப்புரவு அருளடையாளத்தில் மன்னிப்போடு பரிகாரமும் உண்டு. திருடியவன் திருப்பிக் கொடுக்கவேண்டும். அவதூறு சொன்னவன் அதைத் திரும்பப் பெறவேண்டும். மன்னிப்பு சான்றை எரிப்பதில்லை. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் நாள் புனித இரண்டாம் யோவான் பவுல், தம்மைச் சுட்ட அலி அக்காவைச் சிறையறைக்கே சென்று சந்தித்தார். அதற்கு முன்பே அவனை மன்னித்திருந்தார். ஆயினும் சந்திப்பு முடிந்ததும் திருத்தந்தை வெளியே வந்தார். அக்கா உள்ளேயே இருந்தான். 2000ஆம் ஆண்டில்தான் இத்தாலிய அரசு அவனுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. பவானிக்கு மன்னிக்கும் உரிமை உண்டு. அவளுக்கு மட்டுமே உண்டு. சாலையின் சான்றை எரிக்கும் உரிமை உண்டா?

படத்தின் சார்பில் ஒன்று சொல்லவேண்டும். சித்தார்த் தப்பியோடியவன் அல்லன். அறியாமலே மோதினான், அறியாமலே அள்ளி எடுத்தான். அறிந்தபின் மறைக்க முயலவும் இல்லை. மறைப்பவள் அவள். மேலும் 2014இல் சாலையில் அடிபட்டவரைத் தொடவே மக்கள் அஞ்சினர். காவல் நிலையம், சாட்சி, அலைச்சல் என்னும் அச்சம். 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அத்தகையோரைக் காக்கும் நெறிமுறைகளை உறுதிசெய்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சட்டம் அவர்களுக்குச் சூட்டியிருக்கும் பெயர் 'நல்ல சமாரியர்'. ஆண்டவரின் உவமையிலிருந்து எடுத்த பெயர் இந்தியச் சட்டப் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. அந்தச் சட்டங்களெல்லாம் வருவதற்கு முன்பே, இப்படத்தின் முதற்காட்சியில் வழிப்போக்கன் ஒருவன் குனிந்து ஒரு பெண்ணை அள்ளுகிறான். அவன் மனச்சான்று அவனை எழுப்பும் முன்னரே அவன் கைகள் அவனை இழுத்துச் சென்றுவிட்டன.

ஆனாலும் அந்தத் தீயைக் குறித்து என் மனம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. மகள் மன்னித்துவிட்டாள். தந்தையும் மன்னிக்கவேண்டும் என்று அது அவரைக் கட்டாயப்படுத்துகிறதா, அல்லது அவரால் இயலாததை அவருக்காக அவளே செய்துமுடிக்கிறாளா? இராதாரவியின் முகத்தில் இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது.

சாலை விபத்தில் அண்மையில் எவரையேனும் பறிகொடுத்த வீட்டார் இப்படத்தை இப்போது பார்க்கவேண்டாம். சிறு குழந்தைகளோடும் பார்க்கவேண்டாம். தொடக்கக் காட்சியின் குருதி அவர்களுக்கு ஆகாது. மற்றவர்கள், பெயரைக் கண்டு மிரளாமல், விளக்கை அணைத்துவிட்டு, கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். மரித்த விசுவாசிகளுக்கென நாம் ஒதுக்கியிருக்கும் வரும் நவம்பரில் எங்கள் பங்கின் இளைஞர் குழுவுக்கு இதைத் திரையிட எண்ணியிருக்கிறேன். லாரி ஓட்டும் அண்ணன்மார் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காரை எரியவிட்டது சரியா என்பதுதான் நான் வைக்கப்போகும் முதற்கேள்வி. இளைஞர்கள் என்ன சொல்வார்கள் என்று ஓரளவு ஊகிக்க முடிகிறது. ஓட்டுநர்கள் என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை.